அழுத இடத்தில் அடுப்பு

கோணக்குளத்து ஆட்களுக்கு மூளை இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது அபாண்டம். மூளை எல்லாருக்கும் இருந்தது. எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அதிலும் சொரிமுத்துவும் அவன் தம்பிமார் சித்திரைவேலும் நம்பிராசனும் படு சிக்கனம்.

ஒரு சனிக்கிழமை சொரிமுத்துவின் மனைவி பகவதி, தங்கச்சியின் பிரசவத்துக்கென்று தென்காசிக்குக் கிளம்பினாள். "வியாழக்கிழமை வந்துருவேன். நான் விட்டுட்டுப் போற மாதிரியே பிள்ளைய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பஸ் புறப்பட்ட அரைமணி நேரத்தில், ஐந்து வயது மகள் ஆவுடை ஒரு கொண்டைக்கடலையை இடது மூக்குக்குள் போட்டுக்கொண்டாள்.

சொரிமுத்து பிள்ளையின் மூக்கை அண்ணாந்து பார்க்க வைத்தான். பகவதி விட்டுவிட்டுப் போனபோது மூக்கில் கடலை கிடையாது. அவள் திரும்பி வரும்போதும் இருக்கக்கூடாது. மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஆவுடைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. போன வருஷம் போட்ட ஊசியை அவள் மறக்கவில்லை. அங்கே நர்ஸாக இருந்த எஸ்தர் சிஸ்டர் இடுக்கியை எடுத்ததும் அவள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற இரண்டு பேர் தங்களுக்குக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"கடலை மூக்கு வாசல்லதான் இருக்கு அண்ணாச்சி" என்றார் எஸ்தர். "ஒரு நிமிஷ வேலை. ஆனா பிள்ளை இப்படித் துள்ளுனா உள்ள போயிரும். முதல்ல பயத்தப் போக்குங்க. ஒரேயடியா இழுத்துட்டு வராதீங்க. தினமும் கொஞ்சங் கொஞ்சமா இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க. எங்க அழுகாளோ, அங்கனயே நிப்பாட்டிருங்க. மறுநாள் விட்ட இடத்துலருந்து ஆரம்பிங்க. பயம் போனதும் கடலையோட வாங்க, எடுத்து விடுதேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தம்பிகள் பாயில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பிள்ளை அழக்கூடாது அண்ணேன்" என்றான் சித்திரைவேல். "கண்ணீர் மூக்கு வழியாத்தான் இறங்குது. கடலை முளைச்சிரும்."

சொரிமுத்து மகளின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். மூக்கில் கொடி படர்ந்த மகளை பகவதியிடம் எப்படிக் காட்டுவது?

"இன்னொரு சங்கதி" என்றான் நம்பிராசன். "அழுத இடத்துலயே நிப்பாட்டணும்னு சொன்னாவ. நிப்பாட்டுனா அப்புறம் வீட்டுக்கு எப்படி வாறது?"

"வரக்கூடாது" என்றான் சொரிமுத்து. "வந்துட்டா அது நிப்பாட்டுனதா ஆகாது. மறுநாள் விட்ட இடத்துலருந்து ஆரம்பிக்கணும்னா, விட்ட இடத்துலதான் இருக்கணும்."

"அப்ப சாப்பாடு?" என்றான் நம்பிராசன்.

மூன்று பேரும் மெல்லத் திரும்பி அடுப்பைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஆவுடையும் சொரிமுத்துவும். பின்னால் மண்ணெண்ணெய் அடுப்போடு நம்பிராசன். கடைசியில் அம்மிக்கல்லைத் தோளில் சுமந்தபடி சித்திரைவேல். கோழியைத் தனியே விட்டுவர மனசில்லாமல் அதையும் கூடையோடு எடுத்துக்கொண்டார்கள்.

டீக்கடை வரைக்கும் ஆவுடை சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்று நினைத்து வீரிட்டாள். சித்திரைவேல் அந்த இடத்திலேயே அம்மியை இறக்கினான்.

"எத்தனை நாளு இங்கன இருப்பீங்க?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"இன்னைக்கு அழுகை இங்கனதான் வந்திருக்கு" என்றான் சொரிமுத்து. "நாளைக்கு எங்கன வரும்னு தெரியல."

அன்று டீக்கடை வாசலில் உலை கொதித்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. ஆவுடைக்கு இப்படி ஒரு கொண்டாட்டம் பிறந்ததிலிருந்து வாய்த்ததில்லை. அழுதால் குடும்பமே உட்கார்ந்துவிடுகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோணக்குளத்தில் மூளையைச் செலவழிக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

திங்கட்கிழமை காராச்சேவுக் கடைக்கு நேர் எதிரே அவள் அழுதாள்.

சித்திரைவேல் குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "கண்ணீரே இல்லியே அண்ணேன்?"

"நல்லதுதானே" என்றான் சொரிமுத்து. "கடலை முளைக்காது. அடுப்ப இறக்கு."

அன்று முழுக்க ஆவுடை காராச்சேவு தின்றாள். சாயங்காலம் அவளே சமாதானமாகி, "நாளைக்கு எங்கனப்பா அழணும்?" என்று கேட்டாள். பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பை நினைத்து சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அழுகை வந்தது; அம்மி அங்கே இறங்கியது. நோயாளிகள் அம்மியைத் தாண்டிப் போனார்கள். கட்டுப் போட்டவர்கள் கோழியைக் கொஞ்சினார்கள். எஸ்தர் சிஸ்டர் வெளியே வந்து பார்த்தார். பிறகு ஆவுடையிடம் இரண்டு காலி மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆவுடை அந்த டப்பாக்களைக் குலுக்கிக்கொண்டு கோழிக்குக் காய்ச்சல் பார்த்தாள். மத்தியானம் தண்ணீர் குடிக்க ஆஸ்பத்திரிக்குள் தானே போய் வந்தாள். சாயங்காலத்துக்குள் எந்தக் கட்டிலில் யாருக்கு என்ன வியாதி என்று ஒப்பித்தாள். சொரிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். பயம் போய்விட்டது. நாளைக்குக் கடலை வெளியே வந்துவிடும், வியாழக்கிழமை பகவதிக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலையில் சித்திரைவேல் ரசத்துக்குத் தாளித்தான். சிக்கனக்காரன் ஆனாலும் மிளகாய் வற்றலில் மட்டும் கை தாராளம். எழும்பிய நெடியில் வேப்பமரத்தடியே தும்மியது. கோழி தும்மியது. ஆவுடை தும்மிய தும்மலில் கடலை பறந்து வந்து நம்பிராசனின் நெற்றியில் பட்டது.

மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"போச்சே!" என்றான் நம்பிராசன். "நாலு நாள் பாடு!"

"கடலையோட வாங்கன்னு சிஸ்டர் சொன்னாவ" என்றான் சித்திரைவேல். "வெறும் மூக்கோட போயி என்னன்னு சொல்ல?"

"திரும்பவும் உள்ள வச்சிருவோமா?" என்றான் நம்பிராசன்.

ஆவுடை இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

சொரிமுத்து கடலையைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். சொன்ன சொல்லை மீறி அவனுக்குப் பழக்கமில்லை. மகளை வருத்தவும் மனசு இல்லை. "பிள்ளையோட மூக்கு என்ன, பெத்தவன் மூக்கு என்ன? ரெண்டும் ஒரே சாயல்தானே" என்று சொல்லி, கடலையைத் தன் இடது மூக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தான். அது போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது.

எல்லாருமாக உள்ளே போனார்கள். ஆவுடைதான் முன்னால் போய் வழி காட்டினாள்.

"பயம் போயிருச்சு சிஸ்டர், கடலையோட வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, சொரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக் காட்டினான். எஸ்தர் அவன் மூக்கைப் பார்த்தார். ஆவுடையின் மூக்கைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் இடுக்கியை எடுத்தார்.

இடுக்கி பளபளவென்று பக்கத்தில் வந்தபோதுதான், தன்னை இதுவரை யாருமே ஆஸ்பத்திரிக்குப் பழக்கவில்லை என்பது சொரிமுத்துவுக்கு நினைவு வந்தது. அவன் வாய்விட்டு அழுதான்.

"ஒண்ணும் செய்ய மாட்டாவ அப்பா, சும்மா இருங்க" என்று ஆவுடை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. இன்னும் பலமாக அழுதான்.

தம்பிமார் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே போனார்கள். நாற்காலிக்கு வலப்பக்கம் அம்மி வந்தது. இடப்பக்கம் அடுப்பு வந்தது. மருந்து அலமாரி மேல் கோழிக்கூடை ஏறியது.

"என்ன இது?" என்று அலறினார் எஸ்தர்.

"அழுத இடத்துலயே நிப்பாட்டச் சொன்னீங்கள்லா" என்றான் சித்திரைவேல். "அந்தக் கட்டில மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க சிஸ்டர். பாய் விரிக்க இடம் காணாது."

"எல, நாளைக்குப் பகவதி வருவா" என்றான் சொரிமுத்து விக்கலுக்கு நடுவே. "வீடு மாறிட்டோம்னு பஸ் ஸ்டாப்புல சொல்லி வையி."

எஸ்தர் சிஸ்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் முதன்முறையாக முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நம்பிராசன் அவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தான். பிறகு சித்திரைவேலைத் திரும்பிப் பார்த்து, "ரசத்துல இன்னும் ஒரு செம்பு தண்ணி ஊத்து. சிஸ்டருக்கும் வீடு இனிமே இதுதான்" என்றான்.