குளம்புக்குப் போக வேண்டிய சத்து

ஊசிப்பாளையத்தில் ஒருவருக்குமே மூளை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பேருக்கு இருந்தது. அந்த மூன்று பேரால்தான் இவ்வளவும் நடந்தது.

மூவரில் மூத்தவர் பொங்கியண்ணன். கருப்பராயன் கோயில் குதிரைக்குத் தீனி போடும் பொறுப்பு அவருடையது. யோசனை சொல்ல மச்சான் மாரணன். சொன்னதைச் செய்யப் பங்காளி சின்னக்காளை.

ஆடித் திருவிழாவில் ஏழு ஊர்க் குதிரைகளும் கோயில் முன்னால் வந்து நிற்கும். பெரிய பூசாரி ஒவ்வொன்றாகப் பார்த்து, சாமிக்கு முன்னால் எது போவது என்று கை காட்டுவார். போன ஆடியில் ஊசிப்பாளையத்துக் குதிரை குளம்பு வெடித்து நொண்டிக்கொண்டு போய் நின்றது. அதன் முடியோ தேங்காய் நார். பூசாரி அதை ஊர்வலத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டார். முதல் இடம் கீழப்பாளையத்து அவிநாசியப்பனின் குதிரைக்கு. அதோடு விட்டானா அவன்? "பொங்கியண்ணா, உங்க குதிரையை வாசப்படியில போட்டா நல்லாக் கால் தொடைச்சுக்கலாமுங்க" என்று நாலு பேர் நடுவில் சொன்னான்.

அவிநாசியப்பனுக்குப் புளியந்தோப்பு இருந்ததால் அன்று முதல் பொங்கியண்ணன் புளி சேர்ப்பதில்லை. கீழப்பாளையம் கிழக்கே இருந்ததால் காலையில் சூரியனுக்கும் முதுகைத்தான் காட்டுவார். வரும் ஆடியில் முதல் இடம் கிடைக்காவிட்டால் தீனிக் கூடையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லியும்விட்டார். அந்தக் கூடை அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

தை மாதம் குதிரையைக் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓட்டிப் போனார்கள். அவர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முடியைத் தடவிப் பார்த்தார், ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். குளம்புக்கும் முடிக்கும் வேண்டிய வைட்டமின் பொடி அது. டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டியால் தினம் ஒரு கரண்டி தவிட்டில் கலந்து கொடுக்க வேண்டும். அள்ளிக் கொட்டினால் கெடுதல். லாடக்காரரை வரச்சொல்லி அவ்வப்போது குளம்பைச் சீவ வேண்டும். குளம்பு மேலிருந்து கீழே மெதுவாகத்தான் வளரும், ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். கிளம்பும்போது, மருந்தை வெயில் படாமல், தண்ணீர் படாமல், இறுக்கி மூடி வைக்கச் சொன்னார்.

முதல் கரண்டி உள்ளே போனது. சின்னக்காளை டப்பாவை இறுக்கி மூடினான். மாரணன் அவன் கையைப் பிடித்தான்.

"டப்பாவை எதுக்கு மூடற? போட்ட மருந்து இப்ப எங்க இருக்குது?"

"குதிரை வயித்துலீங்க."

"அப்ப எதை மூடோணும்?"

உடனே துண்டை எடுத்துக் குதிரையின் வாயைக் கட்டினார்கள். வெயில் படாமல் இருக்க ஒரு குடையையும் முதுகில் கட்டினார்கள். பொங்கியண்ணன் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். வெகுநேரம் யோசித்தார்.

"மச்சான் சொன்னது சரிதான். ஆனா டப்பாவுக்கு ஒரு வாய். குதிரைக்கு ரெண்டு."

இன்னொரு துண்டோடு சின்னக்காளை பின்னால் போனான். போன வேகத்தைவிட வந்த வேகம் அதிகம். வைக்கோல் போரில் குப்புற விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"அண்ணா, குளம்புக்கு இப்பவே பலம் வந்துட்டாப்ல தெரியுதுங்க."

அந்த நல்ல சேதியோடு மூடுகிற வேலை முடிந்தது. குதிரை வாய்த்துண்டைத் தின்றுவிட்டு, குடையோடு தானே ஏரிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

ஒரு வாரம் கழித்து மாரணனுக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. ஒரு கரண்டி மருந்து. அதைக் குளம்பும் முடியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எப்படிப் போடும்?

"குளம்பு நாலே நாலு. முடியை எண்ண முடியுமா? அதுலயும் முடி வயித்து மேலயே இருக்குது. குளம்பு எங்கியோ கடைசியில கெடக்குது. பந்தியில பக்கத்துல உக்காந்தவன் எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டா, கடைசி இலைக்கு என்ன வரும்?"

"ஒண்ணும் வராதுங்க" என்றான் சின்னக்காளை. அவன் எப்போதும் கடைசி இலையில் உட்காருகிறவன்.

பொங்கியண்ணன் கலங்கிப்போனார். டாக்டரம்மா இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார், படித்தவர்களுக்குப் பந்தி விவகாரம் தெரியாது என்று நினைத்தார். மூவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசினார்கள். கடைசியில் வழி கிடைத்தது. பந்தியில் முடியே உட்காராவிட்டால் சத்து முழுவதும் குளம்புக்குத்தானே போக வேண்டும்? அதோடு, மொட்டை போட்டால் அடுத்து வரும் முடி அடர்த்தியாக வரும் என்பது குழந்தை பெற்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கோயிலில் மொட்டை போடுகிறவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு குதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"தலை எது வரைக்குமுங்க?"

"வாலுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்" என்றார் பொங்கியண்ணன்.

மொட்டை போட்டால் சந்தனம் பூச வேண்டும். கிண்ணத்தில் கரைத்தது காதுக்கே சரியாகப் போனது. பிறகு வாளியில் கரைத்துப் பூசினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வழியாக வந்து, இது என்ன மிருகம் என்று கேட்டார். பொங்கியண்ணன் அந்த ஆளின் முகத்தை மனத்தில் குறித்துக்கொண்டார்.

பதினைந்து நாளுக்கு ஒரு மொட்டை, தினம் ஒரு கரண்டி, அவ்வப்போது லாடக்காரர் என்று ஆறு மாதம் ஓடியது. ஆனி முடிய குளம்புக்கு, ஆடி பிறந்ததும் முடிக்கு என்பது ஏற்பாடு. ஆடி ஒன்றாம் தேதி கத்தியை நிறுத்தினார்கள். திருவிழா ஆறாம் தேதி.

ஆறாம் தேதி காலையில் குதிரையின் உடம்பு மூன்று நாள் சவரம் செய்யாத கன்னம் மாதிரி இருந்தது. இதற்கு மொட்டையே மரியாதை என்று அவசரமாக வழித்து, சந்தனம் பூசி ஓட்டிப் போனார்கள். கோயில் முன்னால் அவிநாசியப்பனின் குதிரை எண்ணெய் தடவியது போல மின்னிக்கொண்டு நின்றது. அவிநாசியப்பன் இவர்களைப் பார்த்ததும் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க பொங்கியண்ணா, தோலை மட்டும் ஓட்டியாந்தீங்களா, உள்ள குதிரையும் இருக்குதா?"

பொங்கியண்ணனுக்குத் தீனிக் கூடை கையை விட்டுப் போவது கண்முன் தெரிந்தது.

பெரிய பூசாரி வந்தார். ஆறு குதிரைகளைத் தாண்டினார். ஏழாவதின் முன்னால் நின்றார். குனிந்து குளம்பைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, கருங்கல் மாதிரி இருந்தது. நிமிர்ந்து சந்தன உடம்பைப் பார்த்தார். அவர் கை தானாகக் குவிந்தது.

"நாப்பது வருசமா மனுசங்க முடி எறக்கித்தான் பார்த்திருக்கறன். வாயில்லாத சீவன் வேண்டுதல் வச்சு எறக்குனதை இன்னிக்குத்தான் பார்க்கறன். இது முன்னால போகோணும்."

மொட்டைக் குதிரை டக் டக்கென்று முன்னால் போனது. வழியெல்லாம் பெண்கள் அதற்குச் சூடம் காட்டினார்கள்.

ஒரு நாள்தான் பொங்கியண்ணன் சந்தோஷமாக இருந்தார். மறுநாளே அவிநாசியப்பன் தன் குதிரைக்கு மொட்டை போட்டுவிட்டான் என்று சேதி வந்தது. அடுத்த ஆடி வரைக்கும் விடாமல் போடப் போகிறானாம்.

மூவரும் மறுபடி ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மொட்டைகள் நின்றால் பூசாரி எதைக் கூப்பிடுவார்? அவனுடையதில் முடி முளைத்துவிட வேண்டும். வழிக்க வழிக்க முளைக்க வேண்டும். கத்தி தோற்றுப்போகிற மாதிரி முளைக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்த பொங்கியண்ணன் மெல்லத் திரும்பி, பக்கத்தில் தீனிக் கூடைக்குள் இருந்த மருந்து டப்பாவைப் பார்த்தார்.

அன்று முதல் அவிநாசியப்பன் மதியம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், மூவரும் புளியந்தோப்பு வேலியில் நுழைந்து, அவன் குதிரைக்கு, தங்கள் குதிரைக்குப் போட வேண்டிய ஒரு கரண்டி பொடியைத் தவிட்டில் கலந்து ஊட்டிவிட்டு வந்தார்கள். தவிடும் இவர்களுடையதுதான். ஒருநாள்கூடத் தவறவில்லை.

மார்கழியில் அவன் குதிரையின் முடி கத்திக்கு அடங்காமல் கறுகறுவென்று கிளம்பி, கண்ணாடி போல மின்னியது. குளம்பு இரும்பாக இறுகியது. பார்க்க நாலு ஊர் ஆட்கள் வந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த பொங்கியண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தொலைஞ்சான் மச்சான், இதோட தொலைஞ்சான்."

டப்பா காலி, நம்ம குதிரைக்குக் குளம்பு மறுபடி வெடித்திருக்கிறது, ஒரு கரண்டிகூட மிச்சமில்லை என்றான் மாரணன்.

"நம்முளுது கெடக்கட்டும்" என்றார் பொங்கியண்ணன். "அவனுக்குப் பெரிய டப்பாவா வாங்கியாங்க."