எண்ணெய்க்குப் பக்கத்தில் கை

வடிவு வெந்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு தோலுரித்துக்கொண்டிருந்தாள். விரல் சுட்டது. ஊதி ஊதி உரித்தாள். கடுகும் கடலைப்பருப்பும் தாளித்து, இஞ்சி, பச்சைமிளகாய், மஞ்சள்தூள் போட்டு வதக்கி, கிழங்கோடு பிசைந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்ட ஆரம்பித்தாள். கடலைமாவு கரைத்துத் தயாராக இருந்தது; அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

மடத்து அம்மா அடுக்களை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வடிவைவிட நாலு வயது சின்னவர்தான். ஆனால் ஆற்றங்கரை மடத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கைகட்டி நிற்பார்கள். ஐந்து வருஷமாக அவருக்குச் சிஷ்யை என்று பேர், வடிவு உட்காருவதென்னவோ கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். அவரோ அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு அவராகவே வீடு தேடி வந்து, “போண்டா சாப்பிட்டு நாளாச்சுக்கா” என்றுவிட்டார்.

கூடத்தில் தொட்டிலில் பிள்ளை தூங்கினான்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“என் தங்கச்சி செண்பகம் அடுத்த தெருவுலதான் இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல பிள்ளை பொறந்துச்சு. அவ பிள்ளை காய்ச்சல்ல போயிருச்சு. நாப்பது நாளாச்சும்மா. நான் இன்னும் போகலை.”

வடிவு இன்னோர் உருண்டையை உருட்டித் தட்டில் வைத்தாள்.

“கைப்பிள்ளைக்காரி அந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு அத்தை மொதல்ல தடுத்தாங்க. இப்ப அவங்களே போகச் சொல்றாங்க. எனக்குத்தான் கால் வரலை. என் முகத்தைப் பார்த்தா அவளுக்கு என் பிள்ளை ஞாபகம்தானே வரும்? போன்லயே ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லிரட்டுமா? நீங்க சொல்லிக் குடுத்தா அப்படியே சொல்லிருவேன்.”

அம்மா எழுந்து வந்தார். “நான் ஒண்ணு போட்டுப் பார்க்கட்டுமா?”

வடிவு பதறி விலகினாள். அம்மா ஓர் உருண்டையை மாவில் முக்கி எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து எண்ணெயில் போட்டார். சடாரென்று தெறித்தது. புறங்கையில் இரண்டு இடத்தில் சிவந்துபோனது.

“வால் முளைச்ச போண்டாவா இருக்கே” என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

வடிவுக்குக் கூச்சமெல்லாம் எங்கே போனதோ! கையைப் பிடித்திழுத்துத் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தாள்.

“என்னம்மா நீங்க! கல்லை எறியிற மாதிரியா எறிவாங்க? பயந்துக்கிட்டு அம்புட்டு உசரத்துல இருந்து போட்டா தெறிக்கத்தான் செய்யும்.”

“பக்கத்துல போனா சுட்டுருமேன்னு பார்த்தேன்.”

“தள்ளி நின்னு போட்டாத்தாம்மா சுடும். கையை எண்ணெய்க்கு ஒரு விரக்கடை கிட்டக் கொண்டுபோயிரணும். அப்படியே நழுவ விடணும். ஒண்ணும் செய்யாது.”

சொல்லிவிட்டு வடிவு அப்படியே நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

அம்மா அடுத்த உருண்டையை எடுத்தார். இந்தத் தடவை கை நேராகக் கீழே இறங்கியது. நடுக்கமில்லை. கொதிக்கிற எண்ணெயை விரல் தொடப்போகிறதோ என்று வடிவு மூச்சைப் பிடித்தாள். போண்டா சத்தமே இல்லாமல் உள்ளே போனது. பின்னால் இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. ஒன்றுக்கும் வால் இல்லை. வருஷக்கணக்கில் கல்யாண வீடுகளில் அடுப்படியில் நின்ற கைக்குத்தான் இது வரும்.

வடிவு அந்தக் கையைப் பார்த்தாள். சிவந்த இடம் இரண்டும் இப்போது கொப்புளமாகியிருந்தது. தெரிந்தேதான் சுட்டுக்கொண்டிருக்கிறார். காலில் விழக் குனிந்தாள்.

“கருகுது, திருப்பி விடுங்கக்கா” என்றார் அம்மா.

வடிவு திருப்பி விட்டாள். கண்ணீர் மறைத்தது. மெல்லக் கேட்டாள்.

“நேர்ல போனா, அவகிட்ட என்னம்மா சொல்றது?”

“போண்டா போடறப்ப எண்ணெய்கிட்ட என்ன சொல்வீங்க?”

“அதுகிட்ட என்னத்தச் சொல்றது? கையைக் கிட்டக் கொண்டுபோயி, மெதுவா...”

“ஏ வடிவு!” கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். “பிள்ளை முழிச்சிட்டான், வா!”

வடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“தங்கச்சிகிட்ட அவனையும் தூக்கிட்டே போங்கக்கா. அடுப்பை நான் பார்த்துக்கிறேன்.”