முழியன் வாலைக் கட்டிய கதை

காட்டுக்கு நடுவே ஒரு பெரிய குளம். அதன் கரையில் டைனோசர்கள் வாழ்ந்தன. மனிதன் என்ற பேச்சே உலகத்தில் இல்லாத காலம் அது. குளத்தின் மேல் முறம் அகலத்துக்குத் தட்டான்கள் பறக்கும். எதிர்க்கரையில் நெடுங்கழுத்தி என்று ஒருத்தி மேய்வாள். அவள் காலில் முள் குத்தினால், சேதி தலைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். நாலாம் நாள் காலையில்தான் "ஆ" என்பாள்.

அந்தக் கூட்டத்தில் சின்னவன் முழியன். வான்கோழி அளவு உடம்பு. உருண்டைக் கண்கள். உடம்பெல்லாம் இறகு, ஆனால் பறக்க வராது. பின்னால் மூங்கில் கழி மாதிரி விறைப்பான நீள வால். தலை மட்டும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிது. அதற்குள்ளே மூளையும் பெரிதாகவே இருந்தது.

கரையான் புற்றுக்குள் குச்சியை விட்டு இழுத்து, ஒட்டிக்கொண்டு வருவதை நக்கித் தின்னலாம் என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். தன் கூட்டைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டு வேலி கட்டியவனும் அவன்தான். குனிந்து நுழைய ஒரே ஒரு சின்ன வழி. கூட்டுக்குள்ளே ஒன்பது முட்டைகள்.

அவர்கள் குலத்தில் அடைகாப்பது அப்பாவின் வேலை. அவன் மனைவி சிவத்தி பகலெல்லாம் மீன் பிடிக்கப் போவாள். முழியன் முட்டைமேல் உட்கார்ந்திருப்பான்.

அந்த ஒன்பது முட்டைகள்மேல் ஓர் உடும்புக்குக் கண். நாலைந்து தடவை முயன்று பார்த்தது. வேலி தடுத்தது. வேலியைத் தாண்டினால் முழியன் விரட்டினான். ஓடுகிற வேகத்தில் வாலை ஒரு வீசு வீசி, நின்ற இடத்திலேயே திரும்புவான். எந்தப் புதருக்குள் புகுந்தாலும் உடும்பால் தப்ப முடியவில்லை. அதன் முதுகில் முழியன் கொத்திய தழும்புகள் ஏழு இருந்தன.

பலத்தால் ஆகாது என்று தெரிந்ததும் உடும்பு புகழ்ச்சியில் இறங்கியது. ஒருநாள் வேலிக்கு வெளியே பணிவாக வந்து நின்றது. பழைய பகையைப் பேச வரவில்லை, ஒரு கனவு கண்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றது.

முழியனுக்குக் கனவு என்றால் ஆசை. சொல்லச் சொன்னான்.

"தம்பி, பிற்காலத்தில் ஒருவன் வரப்போகிறான். இந்தக் காடு, குளம், வானம் எல்லாம் அவன் சொன்னபடி கேட்கும். அத்தனை அறிவு! அவனுக்கு இரண்டே கால். நிமிர்ந்து நிற்பான். பெரிய தலை. யார் இது என்று உற்றுப் பார்த்தேன். முகம் அப்படியே உன் முகம்."

முழியன் தன் காலைப் பார்த்தான். இரண்டுதான். தலையைத் தடவிப் பார்த்தான். பெரிதுதான்.

"அப்படியானால் அவன் நான்தானா உடும்பண்ணே?"

"நீயேதான். ஆனால் ஒன்று இடிக்கிறது. அவனுக்கு வால் இல்லை."

முழியனுக்கு முகம் வாடிவிட்டது. உடும்பு விடவில்லை. தவளையைப் பார் என்றது. குட்டியாக இருக்கும்போது அதற்கு வால் உண்டு, அப்போது அதற்கு ஒன்றும் தெரியாது. வளர வளர வால் போய்விடுகிறது, பிறகு கரையில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசிக்கிறது. வால் போனால் அறிவு வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டது.

முழியன் நேரே தவளையிடம் போய் விசாரித்தான். வால் போனதும் என்ன வந்தது என்று கேட்டான். பசி வந்தது என்றது தவளை. வேறொன்றும் வரவில்லையா என்றதற்கு, கொஞ்சம் தூக்கமும் வந்தது என்றது. பெரிய அறிவாளிகள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று முழியன் நினைத்துக்கொண்டான்.

வாலை வெட்ட மனம் வரவில்லை. வலிக்குமே! ஆகவே ஒரு கொடியைப் பிடுங்கினான். விறைப்பான வாலை இடப்பக்கமாக வில்போல் வளைத்து, நுனியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான். முடிச்சு தாடைக்குக் கீழே வந்தது. வலப்பக்கம் இருந்து பார்த்தால் வாலே இல்லை. அதனால் யார் வந்தாலும் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றான்.

வால் போனதும் உடம்பு முன்னால் சாய்ந்தது. சாயாமல் இருக்க நெஞ்சை நிமிர்த்தினான். இப்போது பின்னால் சாய்ந்தது. ஓர் அடி வைக்க மூன்று தடவை தள்ளாடினான். நிமிர்ந்தபடி வேலி வழியில் நுழைய முடியவில்லை. அறிவாளி குனியலாமா? இரண்டு முள்கட்டைப் பிடுங்கி எறிந்து வழியைப் பெரிதாக்கிவிட்டான். முட்டைமேல் உட்காரப் போனால் பக்கவாட்டில் உருண்டான். சரி என்று முட்டைகள்மேல் நாலு சருகைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் நிமிர்ந்து நின்றான்.

சாயங்காலம் சிவத்தி மீனோடு வந்தாள். கணவன் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடு ஆறிக் கிடக்கிறதே. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

பிற்காலத்தில் வரப்போகிறவனைப் பற்றி முழியன் விரிவாக எடுத்துச் சொன்னான். நிமிர்வு, தலை, வானம், தவளை, ஒன்றையும் விடவில்லை.

"பின்னால் வரப்போகிறவன் கிடக்கட்டும். முட்டைக்குள் இருக்கிறவன் பாடு என்ன?" என்றாள் சிவத்தி.

இவளுக்கு இதெல்லாம் புரியாது என்று முழியன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே சொல்லவில்லை. அந்த அளவுக்கு அறிவு அவனுக்கு மிச்சம் இருந்தது. அன்று இரவு அவளே முட்டைமேல் உட்கார்ந்தாள். இன்னும் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும், அதுவரை சூடு ஆறக்கூடாது, காலையில் அந்தக் கொடியை அவிழ்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் மீனுக்குப் போனாள்.

முழியன் அவிழ்க்கவில்லை.

வெயில் ஏறியதும் உடும்பு வந்தது. பார்த்ததும் வாயடைத்துப் போனதுபோல் நின்றது. அப்புறம், இந்த அழகைக் குளத்துத் தண்ணீரில் நீயே ஒரு தடவை பார்க்க வேண்டாமா தம்பி என்றது.

முழியன் தள்ளாடித் தள்ளாடிக் குளக்கரைக்குப் போனான். தண்ணீரில் பார்த்தான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வலப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். எவ்வளவு கம்பீரம்! இன்னும் கொஞ்சம் திரும்பினான். அப்போது தண்ணீரில் தன் தோளுக்குப் பின்னால் வேறொன்று தெரிந்தது. பெரிதாக்கிய வழியில் உடும்பு நுழைந்துகொண்டிருந்தது.

பாய்ந்து திரும்பினான். வீசித் திரும்ப வால் இல்லை. அப்படியே குப்புற விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை எழவே முடியவில்லை.

உடும்பு அவசரப்படவில்லை. ஒரு முட்டையை மூக்கால் தள்ளித் தள்ளி வேலிக்கு வெளியே கொண்டுவந்தது. முழியன் கிடந்த இடத்துக்குப் பக்கமாகவே உருட்டிப் போனது.

"எழுந்திருக்காதே தம்பி. அறிவாளிகள் ஓடக்கூடாது. படுத்து யோசி. நான் ஒன்பதையும் முடித்துவிட்டு வருகிறேன்."

முழியனுக்குக் கண் கலங்கியது. உருண்டு போகிற முட்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு "கீச்" கேட்டது. தன் பிள்ளையின் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.

நேற்றிலிருந்து அறிவாளி எப்படி நிற்பான், எப்படி நடப்பான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் உண்மையாக யோசித்தான். வால் வலிக்கிறது. ஏன் வலிக்கிறது? நிமிரப் பார்க்கிறது. முடிச்சு தாடைக்குக் கீழே இருக்கிறது. கடித்தால் அறுந்துவிடும். அறுந்தால் வால் இடப்பக்கமாக வீசிக்கொண்டு பின்னால் போகும். பின்னால் குளம். ஆனால் அந்த நேரத்தில் உடும்பு தன் இடப்பக்கத்தில் நிற்க வேண்டும்.

அழுகையை விழுங்கிக்கொண்டு மரியாதையாகக் கூப்பிட்டான்.

"உடும்பண்ணே, முட்டை எங்கே ஓடிவிடப் போகிறது? நான் விழுந்ததில் வால் நுனி வெளியே வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இடப்பக்கம் வந்து பார்த்துச் சொல்லுங்கள். சிவத்தி வந்தால் சிரிப்பாள்."

உடும்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இப்படி ஒரு முட்டாளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நினைத்தது. கிட்டத்தில் பார்த்துவிட்டுப் போனால் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சிரிக்கலாமே! முட்டையை விட்டுவிட்டு வந்தது. இடப்பக்கம் குனிந்து பார்த்தது.

"நுனி கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது தம்பி."

"எங்கே? இன்னும் கிட்டத்தில் பாருங்கள்."

உடும்பு மூக்கை வாலோடு ஒட்டிவைத்துப் பார்த்தது. முழியன் முடிச்சைக் கடித்தான்.

வால் விசுக்கென்று விடுபட்டது! உடும்பு ஆகாயத்தில் போயிற்று. குளத்தைத் தாண்டியது. தட்டான்கள் விலகி வழிவிட்டன. நெடுங்கழுத்தியின் தலைக்கு மேலாகப் பறந்து, அந்தப் பக்கத்துச் சேற்றில் தலைகீழாகக் குத்தி நின்றது. போகிற வழியில் பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூட அகப்படவில்லையே என்பதுதான் அதற்கு இருந்த பெரிய வருத்தம். இன்றைக்கும் உடும்பு எதைப் பிடித்தாலும் விடாமல் பிடிப்பது அதனால்தான்.

முழியன் எழுந்தான். வால் பின்னால் நீண்டதும் உடம்பு தானாக நேரானது. முட்டையை மெல்ல உருட்டிக் கூட்டுக்குள் சேர்த்தான். முள்ளை இழுத்து வழியைச் சின்னதாக்கினான். குனிந்து நுழைந்து, ஒன்பதின்மேலும் இறகை விரித்து உட்கார்ந்தான்.

சிவத்தி வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவனுக்குக் கீழே ஒரு முட்டை ஓடு உடைந்தது. ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. உடம்புக்குக் கொஞ்சம் பெரிய தலை. உருண்டைக் கண்கள்.

"பிற்காலத்தில் எல்லாவற்றையும் ஆளப்போகிறவன் இவன்தானோ?" என்று சிவத்தி குறும்பாகக் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது. இப்போதைக்கு இவனுக்குப் பசிக்கிறது. மீனைக் கொடு" என்றான் முழியன்.

அறிவாளியாகத் தெரிவதற்கே பாடுபடுகிறவனுக்கு, தன்னிடம் இருக்கிற அறிவைப் பயன்படுத்த நேரம் கிடைப்பதில்லை.