வெண்டை இலையை ஒட்டச் சொன்னவர்

வெண்டைத் தோட்டத்தில் காய் பறிக்கிற மாடத்திக்கு அன்று காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. தோட்டத்தில் சரிபாதி உரிமையுள்ள சின்ன முதலாளி, தன் பங்கைக் கேட்டு வந்து இறங்கியிருந்தார். பறித்த காயையெல்லாம் பெரிய முதலாளி உலகநாதன் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு அனுப்பியது அவளுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் பிழைப்புப் போய்விடும்.

உலகநாதன் தம்பியான சின்ன முதலாளியைத் தோட்டத்துக்குள் கூட்டிவந்து, அடியில் இலையே இல்லாத செடிகளைக் காட்டினார்.

"பாத்தியாடே? இந்த மூதி ஆட்டுக்குப் போட இலையை எல்லாம் ஒடிச்சிட்டா. பெறவு செடி எப்படிக் காய்க்கும்? இந்த வருசம் ஒரு காய்கூடப் பிடிக்கலை."

சொன்ன கையோடு மாடத்தியின் பக்கம் திரும்பினார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒடிச்ச இலையை எல்லாம் செடியில ஒட்டி வை. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு."

குடிசையை விட்டால் போக்கிடம் ஏது? மாடத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டாள்.

"ஒட்டிடுதேன் முதலாளி. ஆனா ஒரு காயைப் பறிச்ச பெறவுதான் அதுக்குக் கீழ உள்ள இலையை ஒடிப்போம். காய் இருந்தாத்தான் எந்த இலை எங்கேன்னு எனக்குப் பிடிபடும். நீங்க காயைத் தொங்க விட்டுக்கிட்டே போங்க, பின்னாலயே நான் இலையை ஒட்டிக்கிட்டு வாரேன்."

சின்ன முதலாளி குனிந்து பார்த்தார். இலை ஒடித்த தழும்புக்கு மேலெல்லாம், காயை அறுத்த காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு செடி விடாமல் பார்த்துக்கொண்டே போனார்.

கடைசிச் செடியில் நிமிர்ந்தவர் சொன்னார்: "அண்ணே, அவ ஒட்டுறதுக்குத் தயாரா நிக்கா. நீங்க காயைக் கொண்டாங்க."