முதல் வாளி

"என் கையில தப்பே இல்ல மேடம். அப்புறம் ஏன் எலி சாகுது?"

கேட்டவர் டாக்டர் தணிகாசலம். இருபத்தெட்டு வருஷம் ஆபரேஷன் செய்த கை. ஐம்பத்து நாலு வயதில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் படிக்க வந்திருந்தார். அவருக்கு வழிகாட்டியான ஹாஜிரா மேடம் அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். பேச்சு குறைவு.

எலிகளைப் பார்த்துக்கொள்வது நான்.

எலியின் இரண்டு சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தை கிளிப் போட்டு முக்கால் மணி நேரம் நிறுத்துவார்கள். பிறகு திறப்பார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் மருந்து கொடுத்தால் சிறுநீரகம் தப்புமா? அதுதான் ஆராய்ச்சி. மிச்சம் ஆறே எலி. அதுவும் போனால் விலங்கு ஆராய்ச்சிக்கான கமிட்டி அனுமதியை நிறுத்திவிடும். டாக்டர் ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

மருந்து எப்போது கொடுக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார்.

கிளிப்பைத் திறந்து, சிறுநீரகம் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் என்றார் டாக்டர். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும், இது செல்லக்கிளிக்குக்கூடத் தெரியுமே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் எங்களை வெளியே கூட்டிப்போனார்.

அங்கே இரண்டு குழாய்கள். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, அன்று பதினோரு மணிக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டின் அடியிலும் மேடமே வாளி வைத்தார்.

குழாய் இருமியது. ஒரு வாளியில் துருவும் சேறுமாகக் கொட்டியது. மற்றதில் தெளிந்த தண்ணீர். அதன் வாயில் நான் காலையிலேயே துணி கட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான்.

டாக்டர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து முதல் குழாயில் கட்டப் போனார்.

"இப்பக் கட்டி என்ன சார்? வாளிதான் நிறைஞ்சிடுச்சே" என்றார் மேடம்.

"அப்ப, திறந்ததும் பாயுற முதல் ரத்தம்தான் கெடுக்குதா?" என்றார் டாக்டர், கைக்குட்டையைப் பிடித்தபடி.

மறுநாள் கிளிப் மூடியிருக்கும்போதே எலிக்கு ஊசி போட்டார். மருந்து உடம்பு ரத்தத்தில் கலக்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறம்தான் திறந்தார். ஆறு எலிக்கும் அப்படியே.

மூன்றாம் நாள் காலை கூண்டுகளை இழுத்துப் பார்த்தேன். ஆறும் உயிரோடு ஓடின. ஆறிலும் மரத்தூள் மூத்திரத்தில் நனைந்து கிடந்தது. அந்த நாற்றத்தை நான் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்கும் முகர்ந்ததில்லை.

டாக்டர் ஓடிவந்தார். ஈர மரத்தூளை வெறுங்கையால் அள்ளிப் பார்த்தார். கண் கலங்க, மேடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை எதுக்கு சார் கும்பிடுறீங்க? துணி கட்டினது செல்லக்கிளி அக்கா."

டாக்டர் கூப்பிய அதே கையோடு என் பக்கம் திரும்பினார்.

நான் நிமிர்ந்துதான் நின்றேன்.