அருளாயி வழக்குக்கு யார் எழுந்திருக்க வேண்டும்?

அருளாயியின் வழக்கு, வாதாட ஆளில்லாமல் தள்ளுபடி ஆனது. வக்கீல் வெளியூர் போகவில்லை. அதே வளாகத்தில்தான் இருந்தார். எப்படி என்று சொல்கிறேன். குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவேன்.

நத்தமேட்டில் ஒரே கட்டடத்தில் இரண்டு கோர்ட். கீழே முன்சீப் கோர்ட், மாடியில் சப் கோர்ட். ஒரே நேரத்தில் இரண்டிலும் நிற்க எந்த வக்கீலாலும் ஆகாது. அதனால் அங்கே வக்கீல் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானத்திலும் எழுதாதது. ஒருவருடைய வழக்கைக் கூப்பிடும்போது அவர் இல்லையென்றால், அங்கே இருக்கிற இன்னொரு வக்கீல் எழுந்து "பாஸ் ஓவர் ஐயா" என்று கேட்க வேண்டும். வழக்கைத் தள்ளி வைத்துச் சற்றுப் பொறுத்துக் கூப்பிடுவார்கள். முகம் பார்த்துப் பேசாதவனுக்கும் கேட்க வேண்டும்.

தெய்வநாயகம் அந்தச் சங்கத்தின் பழைய தலைவர். தேர்தலில் அவரைத் தோற்கடித்துத் தலைவரானவர் கமலவேணி. அன்று முதல் தெய்வநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. சங்க அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி அவருடையதாக இருந்தது. இப்போது அதில் கமலவேணி. அந்த அம்மாள் கேட்கக்கூட இல்லை. மற்றவர்களாக இழுத்துப் போட்டார்கள். அதுதான் அவருக்கு வயிறெரிந்தது. டீயும் முதலில் அங்கேதான் போகிறது. இவரிடம் வருவதற்குள் ஏடு கட்டிவிடுகிறது.

போதாக்குறைக்கு அருளாயி. இவரிடம் இருந்த கட்சிக்காரி, வழக்குக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கமலவேணியிடம் போய்விட்டாள். வக்கீல் மாற்றத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்போது, "அங்கேயாவது விளங்குதான்னு பாரு" என்றார்.

வழக்கு, அவள் வீட்டுக்குப் போகிற ஒரே பாதை பற்றியது. பக்கத்து வீட்டுச் சடையப்பன் அதை மறித்துச் சுவர் வைக்கச் செங்கல் இறக்கியிருந்தான். கோர்ட் தடை இருந்ததால் செங்கல் சும்மா கிடந்தது. வழக்கு விழுந்தால் தடையும் விழும். அருளாயி கோர்ட்டுக்கு வராமல் அந்தச் செங்கலுக்குக் காவல் இருந்தாள். "வக்கீலம்மா பார்த்துக்குவாங்க."

அன்று காலை முன்சீப் கோர்ட்டின் பின்வரிசையில் தெய்வநாயகம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கட்டும் இல்லை. அருளாயி வழக்கைக் கூப்பிட்டார்கள். கமலவேணி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வேதமாணிக்கம் எழுந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய கட்சிக்காரன் சடையப்பன், கழுத்தை நீட்டிக்கொண்டு. வேதமாணிக்கம் வாய் திறக்காமல் திரும்பித் தெய்வநாயகத்தைப் பார்த்தார். தெய்வநாயகம் மின்விசிறியைப் பார்த்தார்.

மறுபடி கூப்பிட்டார்கள். வேதமாணிக்கம் மறுபடி திரும்பி, இம்முறை புருவத்தையும் தூக்கினார். பழக்க தோஷத்தில் தெய்வநாயகத்தின் முழங்கால் எழப் பார்த்தது. கையால் அமுக்கிக்கொண்டார். தலைவரம்மா நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும்.

தள்ளுபடி. சடையப்பன் செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடினான்.

சங்க அறையில் நாற்காலி காலியாக இருந்தது. தெய்வநாயகம் அதில் உட்கார்ந்தார். டீ வந்தது, சூடாக. பாதி குடிப்பதற்குள் கமலவேணி மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"எங்கண்ணே போனீங்க? மாடியில உங்க கேஸைக் கூப்பிட்டுட்டாங்க. பாஸ் ஓவர் கேட்டேன். ஜட்ஜ் ஐயா கடுகடுன்னு இருந்தார். 'அவர் வர்ற வரைக்கும் நீங்களே நில்லுங்கம்மா'ன்னுட்டார். நின்னு, கெஞ்சி, மத்தியானத்துக்கு வாங்கியிருக்கேன். கீழே என் கேஸைக் கூப்பிட்டாங்களா? நீங்க இருந்தீங்கள்ல?"

தெய்வநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற வேதமாணிக்கம்தான் பதில் சொன்னார்: "இருந்தார்ம்மா. நல்லாவே இருந்தார்."

கமலவேணியின் முகம் போன போக்கைத் தெய்வநாயகம் பார்த்தார். இத்தனை நாள் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான். பார்க்க முடியவில்லை.

விழுந்த வழக்கை மறுபடி கோப்பில் ஏற்ற மனுப் போடலாம். ஆனால் நடந்ததை நேரில் கண்ட ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அங்கே சடையப்பன் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

கதை அவ்வளவுதான். சொல்லுங்கள்: தன் கட்சிக்காரியை விட்டு இன்னொருவருக்காக நின்ற கமலவேணி, வழக்கம் தெரிந்தும் பேசாத வேதமாணிக்கம், உட்கார்ந்தே இருந்த தெய்வநாயகம். இதில் யார் செய்தது சரி? விழுந்ததைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் யார்?

விடை. வேதமாணிக்கத்தை விடுங்கள். கட்சிக்காரன் முதுகில் மூச்சு விடும்போது எதிர்த்தரப்புக்காகப் பேச முடியாது. இரண்டு தடவை திரும்பினாரே, அதற்கு மேல் என்ன செய்வார்? கமலவேணி செய்தது சரி. கீழே யாராவது தனக்காக எழுவார்கள் என்று நம்பித்தான் மாடியில் நின்றார். தெய்வநாயகத்தின் கையில் கட்டு இல்லாததைக் கவனித்தவர்கள் அப்போதே பிடித்திருப்பீர்கள். கீழே அவருக்கு வழக்கே இல்லை. தன் வழக்கை மாடியில் அநாதையாக விட்டுவிட்டு, அந்த அம்மாள் சறுக்குவதைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். ஆக, எழுதித் தர வேண்டியவரும் அவரே. எழுதினார்: "கூப்பிட்டபோது இருந்தேன். எழவில்லை. அவர் மாடியில் எனக்காக நின்றார்." திருந்திவிட்டாரா? அதெல்லாம் இல்லை. கமலவேணிக்குக் கடன்பட்டவன் என்று சங்கம் முழுக்கப் பேசுமே, அதை அவரால் தாங்க முடியவில்லை. கொத்தனார் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வழக்கும் எழுந்தது, தடையும் எழுந்தது. அருளாயிக்குப் பாதையை மீட்டுக் கொடுத்தவர், வயிற்றெரிச்சல் கொஞ்சமும் தணியாத அதே தெய்வநாயகம்.