குராத்தாவின் கதவு

ஒசாகா நகரில் வீடியோ கேம் செய்கிறவர் குராத்தா. வயது ஐம்பத்தாறு. இளம் வயதில் அவர் செய்த விளையாட்டு ஒன்றை ஒரு காலத்தில் பாதி உலகம் விளையாடியது. அந்தப் பெருமையை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, நடையிலேயே தெரியும்.

ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்து ஜென் மடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அங்கே குரு மியோரின் என்ற பெண் துறவி. குராத்தாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கொஞ்சம் குத்தும்.

அந்த ஞாயிறு தியானம் முடிந்த பிறகும் குராத்தா எழுந்திருக்கவில்லை.

"என்ன?" என்றார் மியோரின்.

"அடுத்த மாதம் என் புது விளையாட்டு வெளியாகிறது, குருவே. இதுவும் விற்காவிட்டால் என் பிரிவை மூடிவிடுவார்கள். நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் பச்சிங்கோ இயந்திரம் செய்ய அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்."

பச்சிங்கோ என்பது இரும்புக் குண்டுகளை உருளவிட்டு ஆடும் சூதாட்டம். அதுவும் வேலைதான், சம்பளமும் வரும். ஆனால் குராத்தாவுக்கு அது பெரிய தலைகுனிவு.

"எங்களைப் பார்த்துத்தான் மேல்நாட்டார் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அவர்களுடையதைத்தான் வாங்குகிறார்கள். நாங்கள் எங்கே தோற்றோம்?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"ஆள்பலம்தான். ஒரு விளையாட்டுக்கு அறுநூறு பேரைப் போடுகிறார்கள்."

"உங்களுக்கு அறுநூறு பேரைக் கொடுத்தால்?"

குராத்தா யோசித்தார். "கதவை இன்னும் அழகாகச் செய்வேன்."

"எந்தக் கதவு?"

அவருடைய விளையாட்டில் பாழடைந்த கோயில் ஒன்று வருகிறது. அதன் உள்கதவைத் திறந்தால்தான் மேலே போக முடியும். அந்த ஒரு கதவுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

மியோரின் முழுவதையும் கேட்டுவிட்டு, "அவர்கள் வேறென்ன செய்கிறார்கள்?" என்றார்.

குராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "தெருவில் போகிறவர்களைக் கூட்டிவந்து விளையாட விடுகிறார்களாம். செய்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். நாலு பேர் தடுமாறினால் போதும், செய்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வார்களாம். முப்பது வருடம் தொழில் செய்தவன், போகிறவன் வருகிறவனிடம் பாடம் கேட்பதா?"

"விளையாட்டு இப்போது கையில் இருக்கிறதா?"

"காரில் மடிக்கணினியில் இருக்கிறது."

"கொண்டு வாருங்கள். சோகெனையும் கூப்பிடுங்கள்."

சோகென் மடத்தின் சமையல்காரர். சோறு வேகிற நேரத்தில் ஃபோனில் ஏதாவது விளையாடிக்கொண்டிருப்பார். மடத்தில் எல்லோருக்கும் தெரியும். குருவுக்குத் தெரியாது என்று அவர் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் பயந்துகொண்டே வந்தவர், விஷயம் தெரிந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்தார்.

மியோரின் ஒரு குவளைத் தண்ணீரை குராத்தாவிடம் நீட்டினார். "ஒரு வாய் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சோகென் கதவைத் தாண்டும்வரை விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது."

குராத்தா வாய் நிறைய வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

சோகென் கெட்டிக்காரர். காட்டைத் தாண்டினார், பாலத்தைத் தாண்டினார், கோயிலுக்குள் நுழைந்தார். கதவுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அடேயப்பா" என்றார். குராத்தா தண்ணீரோடு தலையை ஆட்டினார்.

கதவைத் தள்ளிப் பார்த்தார் சோகென். திறக்கவில்லை. உதைத்தார். மூலையில் இருந்த ஜாடிகளை எல்லாம் உடைத்தார். சுவர் மேல் ஏறிக் குதித்தார். திரும்பிக் காட்டுக்குப் போய்ச் சாவி இருக்கிறதா என்று தேடினார். வந்து கதவைக் கும்பிட்டும் பார்த்தார். குராத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பதினான்கு நிமிடம் ஆயிற்று. சோகென் பெருமூச்சு விட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "அடுப்பில் பருப்பு இருக்கிறது. நான் போகட்டுமா?"

தண்ணீர் முழுவதும் பாயில் கொட்டியது. "விளக்கை அணையுங்கள்" என்று கத்தினார் குராத்தா. "அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்."

சோகென் திகைத்துப்போனார். "கோயில் விளக்கை யாராவது அணைப்பார்களா?"

ஆனாலும் அணைத்தார். இருள் சூழ்ந்தது. உடைந்த கூரை வழியாக நிலா வெளிச்சம் மெல்ல இறங்கிக் கதவின் மேல் விழுந்தது. அதுவரை கண்ணுக்குத் தெரியாத கோடுகள் ஒவ்வொன்றாக வெள்ளியில் எழுந்தன. கதவு சத்தமில்லாமல் திறந்தது.

சமையல்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டுப் பருப்பைப் பார்க்க ஓடினார்.

குராத்தா சட்டையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. "பார்த்தீர்களா, குருவே? ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். உடனே பிடித்துப்போய்விட்டது."

"பார்த்தேன். நல்ல கதவு" என்றார் மியோரின். துணியை எடுத்துப் பாயைத் துடைத்தார். "எத்தனை பிரதி போடுகிறீர்கள்?"

"முதலில் எட்டு லட்சம்."

"முகவரியெல்லாம் வாங்கிவிட்டீர்களா?"

"யாருடைய முகவரி?"

"எட்டு லட்சம் வீட்டுக்கும் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டுமே."